மூன்றாவது டிரம்

எனக்கு இப்போது எழுபத்தொரு வயது. மூன்று பிள்ளைகளை வளர்த்தேன். மூத்தவன் மகன், அவன் வீட்டில்தான் இருக்கிறேன். நடுவில் ஒரு பெண். காய்ச்சல் ஓர் ஊரில் எப்படிப் பரவும், யாரிடமிருந்து யாருக்குப் போகும், எப்போது அடங்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிற வேலையில் இருக்கிறாள். கடைசியும் பெண். அவளைப் பதின்மூன்று வயது வரைக்கும் வளர்த்தேன்.

நான் பள்ளிக்கூடம் போனது மூன்றாம் வகுப்பு வரை. பஸ்ஸின் பலகையை எழுத்துக் கூட்டி வாசிப்பேன், கையெழுத்துப் போடுவேன், அதற்கு மேல் வராது. அதனால் நான் சொல்லச் சொல்ல மகன் வயிற்றுப் பேத்தி எழுதுகிறாள். கல்லூரியில் இரண்டாம் வருடம். நான் பேசுகிற பேச்சைப் புத்தகத்தில் இருக்கிற மாதிரி மாற்றிப் போடுகிறாள். "அப்பாயி, சித்த நிறுத்திச் சொல்லுங்க, கை வலிக்குது" என்கிறாள். எனக்கு அவசரம் இல்லை. இருபது வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்த விஷயம். இன்னும் நான்கு நாள் ஆனாலும் ஆகட்டும்.

பெரிய மகளிடம் நான் ஒரு பொய் சொன்னேன். அந்தப் பொய்யை நம்பி அவள் தன் தலையில் ஒரு பழியைத் தானே போட்டுக்கொண்டு திரிகிறாள் என்பது போன மாதம்தான் எனக்குத் தெரிந்தது. கண்ணை மூடுவதற்குள் அதை அவள் தலையிலிருந்து இறக்கி வைக்க வேண்டும்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். முப்பது வருடம் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தவள் நான். தைத்து வந்த பீஸை மேசையில் விரித்து, உள்ளும் புறமும் திருப்பி, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்டது, சாயம் மாறியது எல்லாவற்றையும் ஒதுக்குகிற வேலை. மற்ற பெண்கள் பார்த்த கட்டை சூப்பர்வைசர் மறுபடி பிரித்துப் பார்ப்பார். என் கட்டைப் பிரிக்க மாட்டார். "அந்தம்மா பார்த்தாச்சுன்னா பெட்டி போட்டுரலாம்" என்பார். பெருமையாகத்தான் சொல்கிறேன். முப்பது வருடம் நின்றே பார்த்த கால் இது. சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை உண்டு.

பெரியவள் பள்ளிக்கூடம் விட்டதும் நேராகக் கம்பெனிக்கு வந்துவிடுவாள். என் மேசைக்கு அடியில் அட்டைப் பெட்டியைப் போட்டு உட்கார்ந்து வீட்டுப் பாடம் எழுதுவாள். சரக்கு கப்பலுக்குப் போவதற்கு முன்னால் வாங்குகிறவர்கள் தரப்பிலிருந்து ஒரு ஆள் சோதனைக்கு வருவார். அடுக்கியிருக்கிற பெட்டி முழுவதையும் அவர் பிரிக்க மாட்டார். அங்கே ஒன்று, இங்கே ஒன்று என்று எடுத்து, கொஞ்சம் பீஸைப் பார்த்துவிட்டு, மொத்தச் சரக்கும் பாஸ் அல்லது பெயில் என்று சொல்லிவிடுவார். பெரியவளுக்கு அது ஆச்சரியம்.

"ஏம்மா, அவரு எடுக்காத பெட்டியில ஓட்டை இருந்தா?"

"எடுத்ததுல இல்லீன்னா எடுக்காததுலயும் இருக்காதுன்னு ஒரு நம்பிக்கை கண்ணு."

"நம்பிக்கையா, கணக்கா?"

"போய் அவரையே கேளு. என்ற உசுரை வாங்காதே."

போய்க் கேட்டே விட்டாள். அவர் சிரித்துக்கொண்டே பையிலிருந்து ஓர் அச்சடித்த அட்டையை எடுத்துக் காட்டினார். இத்தனை பீஸ் இருந்தால் இத்தனை எடுக்க வேண்டும், அதில் இத்தனை கெட்டிருந்தால் மொத்தமும் திரும்ப வேண்டும் என்று கட்டம் கட்டமாகப் போட்டிருந்ததாம். நோட்டின் கடைசிப் பக்கத்தில் அதை அப்படியே பார்த்து எழுதிக்கொண்டு வந்தாள். அன்றைக்கு ராத்திரிச் சோற்றுக்கு உட்காரும்போதும் அந்த நோட்டு மடியில்தான் இருந்தது. கணக்கில் அவளுக்கு அவ்வளவு பிடிப்பு. படித்து வாத்தியார் வேலைக்குப் போவாள் என்று நானும் அவள் அப்பாவும் நினைத்திருந்தோம். வேறு வேலை இருப்பதாக எங்களுக்கு என்ன தெரியும்?

அப்போது நாங்கள் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். ஒரே கூரையின் கீழ் வரிசையாக எட்டு வீடு. ஒவ்வொரு வாசலிலும் இரண்டு டிரம். சாயப்பட்டறைக்கு மருந்து வந்த நீல பிளாஸ்டிக் டிரம்தான்; கழுவி விற்பார்கள், திருப்பூரில் பாதி வீட்டுத் தண்ணீர் அதில்தான் இருக்கும். பன்னிரண்டு நாளைக்கு ஒரு தடவை குழாயில் தண்ணீர் வரும். சில சமயம் பதினைந்து நாள் ஆகும். தண்ணீர் விடுகிற அன்றைக்குப் பெண்கள் பாதிப் பேர் வேலைக்கே போக மாட்டார்கள்.

நான் தண்ணீர் வைத்துக்கொள்கிற விதத்தில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது. டிரம்மின் வாயில் வெள்ளைப் பனியன் துணியைப் போட்டு, ஜட்டி இடுப்புக்கு வைக்கிற எலாஸ்டிக்கால் இறுக்கிக் கட்டியிருப்பேன். மற்ற வீடுகளில் கிழிந்த சாக்கும் உடைந்த தட்டமும் மூடியிருக்கும். பார்த்தால் நான் சும்மா விட மாட்டேன். பக்கத்து வீட்டுப் பெண் தேனிப் பக்கத்துக்காரி. அவளும் அவள் புருஷனும் ஒரே கம்பெனியில் டெய்லர்கள். அவள்தான் எனக்குச் சரியாகப் பதில் சொல்லுவாள்.

"இந்த அக்கா கண்ணுல பட்டா தண்ணி கூட ரிஜெக்ட் ஆயிரும்" என்று மற்ற பெண்களிடம் சொல்லிச் சிரிப்பாள்.

அந்த வருடம் ஐப்பசி மழைக்கு ஊரெல்லாம் காய்ச்சல். நகராட்சியிலிருந்து இரண்டு பெண்கள் வீடு வீடாக வந்து டிரம்முக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். புழு இருந்தால் டிரம்மை அங்கேயே சாய்த்துவிடுவார்கள். புழு இல்லாவிட்டாலும் மருந்து ஊற்றிவிட்டுப் போவார்கள். அந்தத் தண்ணீரைக் குடிக்க யாருக்கும் மனசு வராது. பன்னிரண்டு நாள் கழித்து வரப் போகிற தண்ணீரை நினைத்து, சாய்த்த தண்ணீர் வாசலில் ஓடுவதைப் பார்த்துப் பெண்கள் அழுதிருக்கிறார்கள். அதனால் நிறைய வீடுகளில் ஒரு டிரம்மை எங்காவது ஒளித்து வைத்திருப்பார்கள். கட்டிலுக்குப் பின்னால், சாமி படத்துக்குக் கீழே, எங்கே இடம் இருக்கிறதோ அங்கே.

நானும் ஒளித்து வைத்திருந்தேன். மூன்றாவது டிரம். வீட்டுக்குள் மூலையில் நிறுத்தி, பிசிறு வெட்டுவதற்காக வீட்டுக்குக் கொண்டு வருகிற பனியன் கட்டுகளை அதைச் சுற்றி அடுக்கிவிடுவேன். தையல் முடிந்த பனியனில் தொங்குகிற நூலை வெட்டி எடுப்பதுதான் பிசிறு வெட்டுவது. வெளியிலிருந்து பார்த்தால் துணிக் கட்டு மட்டும்தான் தெரியும்.

அந்த டிரம்மை நான் ஒரு நாளும் முழுக்கக் காலி செய்ததில்லை. புதுத் தண்ணீரைப் பழைய தண்ணீரின் மேலேயே ஊற்றுவேன். அடியில் ஒரு முழம் தண்ணீர் எப்போதும் கிடக்கும். கட்டுகளுக்கு நடுவே கையை விட்டு எலாஸ்டிக்கைக் கட்டக் கஷ்டம் என்பதால் மேலே துணியைச் சும்மா போட்டு வைத்திருந்தேன். அது நனைந்து உள்ளே தொங்கிக்கொண்டிருக்கும்.

அதில் புழு நெளிவதை நான் பார்த்தேன்.

பேத்தி பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். எழுது கண்ணு. பார்த்தேன். கொசு சாக்கடையில் பிறப்பது, நல்ல தண்ணீரில் இருப்பது ஏதோ தண்ணீர்ப் பூச்சி என்று நினைத்துக்கொண்டேன். பனியன் துணியை மூன்றாக மடித்து வடிகட்டி, கொதிக்க வைத்துக் குடித்தோம். என் தண்ணீரில் கொசு பிறக்கும் என்று நினைக்கவே எனக்கு வரவில்லை.

நகராட்சிப் பெண்கள் வந்தபோது வாசலில் இருந்த இரண்டு டிரம்மையும் திறந்து காட்டினேன். தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது. அந்தப் பெண் லைன் முழுவதையும் கூப்பிட்டு, "இந்த அம்மா ஊட்டைப் பாருங்க, இப்படி வெச்சுக்கோணும்" என்றாள்.

"உள்ளே ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று என்னைக் கேட்டாள்.

"உள்ளே துணிக் கட்டுதானுங்க."

தேனிக்காரி என் காதருகே வந்து, "அடுத்த தடவை ஒங்க டிரம்முக்கு மாலை போடுவாக போல" என்றாள். அவளுக்கு என் மூன்றாவது டிரம்மைப் பற்றித் தெரியாது. அவள் வீட்டு டிரம்மைச் சாய்த்திருந்தார்கள். அந்தப் பெண் புகழ்ந்ததில் எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்து போயிருந்தது.

சின்னவள் எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். தீபாவளிக்கு முன்னால் எல்லாக் கம்பெனியிலும் அவசரம். அவளும் சனி, ஞாயிறு பகலில் எனக்கு ஒத்தாசையாகப் பிசிறு வெட்டுவாள். கட்டுகளின் மேலேயே சாய்ந்து உட்கார்ந்துகொள்வாள்.

"இங்கதாம்மா நல்லாருக்குது. டிரம்மு பக்கம் குளுகுளுன்னு இருக்குது."

சற்று நேரம் போனால் காலைச் சொறிவாள். "கடிக்குதும்மா."

"பஞ்சுத் தூசு பட்டா கடிக்கத்தான் செய்யும். போய்க் கையக் காலைக் கழுவிட்டு வா."

பஞ்சுத் தூசு என்றேன். துணி வேலை செய்கிற எங்களுக்கு உடம்பு அரித்தால் அதுதான் முதலில் வாயில் வரும். எனக்கு எத்தனை வருடம் அரித்திருக்கிறது. அவள் போய்க் கழுவிவிட்டு வந்து மறுபடி அங்கேயே உட்கார்ந்தாள். முழங்காலுக்குக் கீழே சின்னச் சின்னதாகச் சிவந்திருந்தது. கெட்ட தையலை மூன்று முழ தூரத்திலிருந்து கண்டுபிடிக்கிற என் கண் அதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தது.

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது பக்கத்து வீட்டுத் தேனிக்காரியின் புருஷன் காய்ச்சலில் விழுந்தார். ஒரு வாரம் கிடந்து எழுந்தார். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் பெரியவள் கோயமுத்தூரிலிருந்து வந்தாள். அப்போது அங்கே விடுதியில் தங்கிக் கணக்கில் மேல்படிப்புப் படித்துக்கொண்டிருந்தாள். வரும்போதே கண் சிவந்து, தலைவலி என்று சொன்னாள். மாத்திரை போட்டுப் படுத்தாள், மூன்று நாளில் சரியாகிவிட்டது. அந்த மூன்று நாளும் தங்கச்சிக்காரி அவள் பாயை விட்டு நகரவில்லை. அக்காவின் தலையைப் பிடித்துவிடுவதும், அக்கா வாங்கி வந்த வளையலைப் போட்டுக் கழற்றுவதுமாக இருந்தாள்.

பெரியவள் திரும்பிப் போய்ப் பத்துப் பன்னிரண்டு நாளில் சின்னவளுக்குக் காய்ச்சல் வந்தது. நான்கு நாள் கொதித்தது. ஐந்தாம் நாள் உடம்பு குளிர்ந்தது. காய்ச்சல் விட்டுவிட்டது என்று நாங்கள் சந்தோஷப்பட்டு இட்லி ஊற்றிக் கொடுத்தோம். அந்தக் காய்ச்சலில் விட்ட பிறகுதான் கவனிக்க வேண்டும் என்று எங்கள் லைனில் யாருக்கும் தெரியாது. மத்தியானம் வயிற்று வலி என்றாள், வாந்தி எடுத்தாள், கை கால் ஐஸ் மாதிரி ஆகிவிட்டது. ஆஸ்பத்திரியில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு உடனே கோயமுத்தூர் கொண்டு போகச் சொன்னார்கள்.

வேனில் என் மடியில் படுத்திருந்தாள். திருமுருகன்பூண்டி தாண்டும்போது கண்ணைத் திறந்தாள்.

"என்னம்மா டக்கு டக்குன்னு சத்தம்?"

"சாமி செலை கொத்தறாங்க கண்ணு."

"எந்தச் சாமி?"

எனக்குத் தெரியவில்லை. ஏதாவது ஒரு சாமி பெயரைச் சொல்லியிருக்கலாம். பார்க்கிறேன் என்று எட்டிப் பார்த்தேன், அதற்குள் வேன் தாண்டிவிட்டது. அதற்கப்புறம் அவள் எதுவும் கேட்கவில்லை. அடுத்த நாள் காலை பதினோரு மணிக்கு அவளை ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி எங்கள் கையில் கொடுத்தார்கள்.

மூன்றாம் நாள் அவள் அப்பா வீட்டுக்குள்ளிருந்த துணிக் கட்டுகளை ஒவ்வொன்றாக நகர்த்தினார். மூலையிலிருந்த டிரம்மைத் தனியாகவே உருட்டிக் குளியலறைக்குக் கொண்டு போய்க் கவிழ்த்தார். ஊர்ச் சனங்கள் துக்கம் கேட்டுவிட்டுப் போன நேரம்; பெரியவளும் அவள் அண்ணனும் விடுதியிலிருந்து அவள் துணிமணி எடுத்து வரப் போயிருந்தார்கள். வாளியில் மொண்டு ஊற்றிக் கழுவுகிற சத்தம் வெகு நேரம் கேட்டது. அவர்கள் திரும்புவதற்குள் ஊத்துக்குளிப் பக்கம் அவருடைய தங்கை தோட்டத்துக்கு ஒரு டெம்போ போனது, அதில் ஏற்றி அனுப்பிவிட்டார். அவர் கட்டிங் மாஸ்டர். பேச்சே குறைவு. டிரம்மில் நெளிகிற புழுதான் கொசுவாகிறது என்று நகராட்சிப் பெண்கள் சொன்னதை அவர் கேட்டிருக்க வேண்டும். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாகிற வரைக்கும் கேட்கவில்லை.

பெரியவள் கல்லூரிக்குத் திரும்பிப் போகாமல் ஒரு மாதம் வீட்டிலேயே இருந்தாள். அழுதுகொண்டிருந்தவள் ஒரு நாள் நோட்டை எடுத்துக்கொண்டு லைனில் முதல் வீட்டில் போய் உட்கார்ந்தாள். யாருக்குக் காய்ச்சல் வந்தது, என்றைக்கு வந்தது, அவர்கள் பகலில் எங்கே இருப்பார்கள், வீட்டில் தண்ணீர் எதில் வைத்திருக்கிறார்கள் என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்டாள். அடுத்த லைனுக்குப் போனாள், அதற்கடுத்த தெருவுக்கும் போனாள். பைத்தியம் பிடித்துவிட்டது என்று நான் பயந்தேன். நோட்டில் வீடுகளைச் சின்னச் சின்னக் கட்டமாகப் போட்டு, ஒரு கட்டத்திலிருந்து இன்னொன்றுக்குக் கோடு இழுத்து வைத்திருந்தாள்.

கடைசியாக எங்கள் வீட்டுக்கு வந்தாள். வாசலில் நான்கு பெண்கள் இருந்தார்கள், தேனிக்காரியும் இருந்தாள். சின்னவளின் அப்பா சுவரோரம் உட்கார்ந்து கத்தரிக்கோலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, நம்ம ஊட்டுல அப்ப டிரம் எத்தனை?"

அவள் கேட்டது எல்லோரையும் கேட்ட மாதிரிதான். நான்கு பெண்களும் என் முகத்தைப் பார்த்தார்கள். இத்தனை வருடம் நான் ரிஜெக்ட் பண்ணிய பெண்கள்.

"ரெண்டு."

"உள்ளே ஒண்ணு இருந்துச்சில்ல, நான் காலேஜ் சேர்றப்ப?"

"அது ஓட்டையாயிருச்சு அம்மிணி. அப்பவே போட்டாச்சு."

அவர் கத்தரிக்கோலிலிருந்து தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். பிறகு குனிந்துகொண்டார். பெரியவள் நோட்டில் இரண்டு என்று எழுதிக்கொண்டாள்.

அந்த நோட்டுதான் அவள் வாழ்க்கையை மாற்றியது. கல்லூரிக்குப் போனபோது அவளுடைய கணக்கு வாத்தியாரம்மா அதைப் பார்த்திருக்கிறார். "நீ பண்ணியிருக்கறது என்னன்னு உனக்கே தெரியல. இதுக்குன்னு ஒரு படிப்பு இருக்கு" என்று சொல்லியிருக்கிறார். சீக்கு பரவுவதைக் கணக்காக எழுதுகிற படிப்பாம். எனக்குப் புரிய வைக்க அவள் ஒரு நாள் பாடுபட்டாள். ஊரில் இருக்கிற சனத்தை மூன்று கூடையாகப் பிரிக்க வேண்டுமாம். இனிமேல் காய்ச்சல் வரக்கூடியவர்கள் ஒரு கூடை, காய்ச்சலில் இருப்பவர்கள் ஒரு கூடை, வந்து போனவர்கள் ஒரு கூடை. ஒரு கூடையிலிருந்து அடுத்த கூடைக்கு எவ்வளவு வேகமாக ஆள் போகிறது என்று பார்த்தால், நாளைக்கு எத்தனை கட்டில் வேண்டும் என்று இன்றைக்கே சொல்லலாமாம்.

"செத்தவங்க எந்தக் கூடை?" என்று கேட்டேன்.

"வந்து போனவங்க கூடையிலதாம்மா சேர்த்துப் போடுவாங்க. கணக்குக்கு ரெண்டும் ஒண்ணு" என்றாள். அப்புறம் நாங்கள் இரண்டு பேரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

சென்னைக்குப் போய் ஆராய்ச்சிப் படிப்பு படித்தாள். ஐந்து வருடம். நோட்டில் போட்ட எங்கள் தெருவைத்தான் முதலில் எழுதினாளாம். அதற்கப்புறம் குளிர் நாட்டுக்குப் போக இடம் கிடைத்தது. சொந்தம், உறம்பரை என்று ஒருத்தரும் சும்மா இருக்கவில்லை. மாப்பிள்ளை பார்க்கிற வயதில் இதென்ன என்றார்கள். என் அண்ணன் பெண்சாதி ஒரு கல்யாணத்தில் பத்துப் பேர் முன்னால், "கொசு புடிக்கவா பொண்ணைச் சீமைக்கு அனுப்பறீங்க?" என்று கேட்டாள்.

"புடிக்க இல்லீங்க, எண்ணறதுக்கு. புடிக்கற வேலைக்கு வேணும்னா உங்க பையனைச் சொல்லி உடறேன்" என்றேன். பந்தி முழுக்கச் சிரித்தது. நான் அப்படித்தான். ஒருவர் என்னைத் தாழ்த்திப் பேச விட்டதில்லை.

புறப்படுவதற்கு முன்னால் ஊத்துக்குளி அத்தையிடம் சொல்லிக்கொள்ளப் போனோம். தோட்டத்தில் எருமைக்குத் தண்ணீர்த் தொட்டி வைத்திருந்தார்கள். நீல டிரம்மை நீளவாக்கில் பாதியாக அறுத்துப் படுக்க வைத்தது. பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் மூன்றாவது டிரம்மின் வாயோரத்தில் ஓர் உருகின வடு இருக்கும், அது இருந்தது. பெரியவள் நேராக அங்கேதான் போனாள். குனிந்து பார்த்தாள். தொட்டியைக் கவிழ்த்துத் தண்ணீரை வாய்க்காலில் விட்டாள்.

"அத்தை, புழு நெளியுது. வாரத்துக்கு ஒருக்காக் கவுத்து உடுங்க."

"எருமை குடிக்கற தண்ணிக்குமா கண்ணு பரீட்சை?" என்று அத்தை சிரித்தாள்.

"இந்த டிரம்மு எங்கே வாங்கினீங்க?"

"உங்கப்பன்தான் குடுத்து உட்டாரு. உன்ற தங்கச்சி..." என்று தொடங்கியவள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

பெரியவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தென்னை மரத்தைப் பார்த்தபடி, "கம்பெனில சும்மா கெடந்துச்சு சாமி" என்றார். என் பொய்யைக் காப்பாற்ற அவர் தன் வாயால் சொன்ன ஒரே பொய் அது. அந்த நிமிடம் நான் சொல்லியிருக்கலாம். எருமை அங்கே நின்று காலித் தொட்டியை நக்கிக்கொண்டிருந்தது. நான் அதன் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றேன்.

கொரோனா வந்தபோது அவள் நம் நாட்டுக்குத் திரும்பியிருந்தாள். சென்னையில் வேலை. தினமும் போனில் பேசுவாள். தூங்கவில்லை என்பது குரலிலேயே தெரியும். இங்கே கம்பெனி எல்லாம் மூடி, வடக்கத்திப் பையன்கள் மூட்டையோடு ரயில் தண்டவாளத்தில் நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் நான், "எப்பத்தான் முடியும்னு உன்ற கணக்கு சொல்லுது?" என்று கேட்டேன்.

"சனங்க உண்மையைச் சொன்னாச் சீக்கிரம் சொல்லிருவேம்மா. ஊட்டுக்குள்ள காய்ச்சக்காரரை வெச்சுக்கிட்டே யாருக்கும் ஒண்ணுமில்லீங்கறாங்க. ஒளிச்சு வெச்சா நான் எதை வெச்சுக் கணக்குப் போடறது? நீ செக்கிங்ல இருந்தவதானே. கையில எடுத்த பீஸுல ஓட்டையைப் பார்த்துட்டு இல்லீன்னு எழுதினா மொத்தச் சரக்கும் என்னாகும்?"

"திரும்பி வந்துரும்" என்றேன்.

"அதேதாம்மா" என்றாள். வேறு போன் வந்தது என்று வைத்துவிட்டாள்.

நான் கையில் எடுத்த பீஸில் ஓட்டையைப் பார்த்தவள். அன்றைக்கும் சொல்லவில்லை. வீட்டுக்காரருக்கு அப்போது நெஞ்சு வலி, அவரை வைத்துக்கொண்டு எப்படி என்று ஒரு சாக்கு வைத்திருந்தேன். அவர் போய் மூன்று வருடம் ஆகிறது. சாக்கும் போய்விட்டது.

போன மாதம் பேத்தி ஓடி வந்தாள். "அப்பாயி, அத்தை ஒரு புஸ்தகத்துல எழுதியிருக்காங்க. காலேஜ் புள்ளைங்களுக்கு, எப்படி இந்தப் படிப்புக்கு வந்தேன்னு." போனிலேயே எடுத்து வாசித்தாள். செக்கிங் மேசையைப் பற்றி எழுதியிருந்தாள், அந்த அச்சடித்த அட்டையைப் பற்றி எழுதியிருந்தாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பிறகு தங்கச்சியைப் பற்றி வந்தது. தெரு முழுவதும் கணக்குக்குள் அடங்கியது, எங்கள் வீடு மட்டும் அடங்கவில்லை என்று எழுதியிருந்தாள். அவள் எழுத்தையே சொல்கிறேன்: இந்தக் கொசு வெகு தூரம் பறக்காது, வீட்டுத் தண்ணீரில் பிறந்து வீட்டு ஆளைக் கடிப்பது. எங்கள் வீட்டில் அது பிறக்க இடமில்லை, என் அம்மா அவ்வளவு சுத்தமானவள். பக்கத்து வீட்டு டிரம்மையும் முன்பே சாய்த்துவிட்டிருந்தார்கள், அந்த வீட்டுக் காய்ச்சலை எங்கள் வீட்டுக்குள் கொண்டு வரக் கொசு இல்லை. மிச்சம் இருந்தது ஒரே வழி. காய்ச்சலோடு விடுதியிலிருந்து வந்து, என் தங்கை பக்கத்தில் மூன்று நாள் படுத்திருந்தவள் நான். எங்கிருந்தோ வந்த ஒரு கொசு என்னைக் கடித்து அவளையும் கடித்தால் போதும். அவளுக்கு அதைக் கொடுத்தது நான்தான் என்ற முடிவோடு இந்தப் படிப்புக்கு வந்தேன். இப்படி எழுதியிருந்தாள்.

என் அம்மா அவ்வளவு சுத்தமானவள் என்ற இடத்தைப் பேத்தி இரண்டு தடவை வாசித்தாள். எனக்குப் பிடிக்கும் என்று நினைத்து வாசித்தாள்.

இருபது வருடம். என் மகள் கல்யாணம் வேண்டாம் என்றது, தீபாவளிக்கு ஒரு தடவை கூட வீட்டுக்கு வராமல் போனில் பேசி முடித்துக்கொள்வது, வந்தாலும் அண்ணன் குழந்தைகளைத் தூக்காமல் தள்ளியே உட்கார்ந்திருந்தது, எல்லாம் எனக்கு அன்றைக்கு வேறு மாதிரியாகத் தெரிந்தது. படித்த திமிர் என்று நினைத்திருந்தேன். இந்தப் பேத்தியைக் கூட அவள் ஒரு வயது வரைக்கும் கையில் வாங்கவில்லை.

அன்று சாயங்காலம் அவளே கூப்பிட்டாள். சொல்லிவிடுவது என்றுதான் போனை வாங்கினேன்.

"சாப்பிட்டியாம்மா?"

"ஆச்சு."

"குரல் ஏன் ஒரு மாதிரி இருக்குது?"

"பஞ்சுத் தூசு" என்றேன். கம்பெனியை விட்டுப் பதினைந்து வருடம் ஆகிறது. எனக்கு வாயால் வராது என்று அப்போதுதான் தெரிந்தது. அதனால்தான் இந்த எழுத்து.

பெரியவளே, உனக்குச் சொல்கிறேன். டிரம் இரண்டு இல்லை, மூன்று. மூன்றாவது வீட்டுக்குள்ளே இருந்தது, மூலையில், உன் தங்கச்சி சாய்ந்து உட்கார்ந்த கட்டுகளுக்குப் பின்னால். ஓட்டையாகவில்லை. அதில் புழு இருந்தது. அவள் கால் சிவந்தது நீ ஊருக்கு வருவதற்கு முன்னால். ஊத்துக்குளித் தோட்டத்தில் நீ கவிழ்த்த தொட்டி அதுதான். பக்கத்து வீட்டு மனுஷன் விழுந்ததும் நீ வருவதற்கு முன்னால். இதை வைத்துக்கொண்டு உன் கணக்கை மறுபடி போடு. என்ன விடை வருமோ எனக்குத் தெரியாது. நீ கொண்டு வந்ததுதான் என்றே மறுபடியும் வரலாம். அப்படி வந்தாலும் அது தங்க இடம் கொடுத்தது என் டிரம். நான் கொடுத்த எண்ணிக்கை தப்பு. தப்பான பீஸை நல்லது என்று கட்டிக் கொடுத்தவள் நான்.

என்னை மன்னிக்கச் சொல்லி எழுதச் சொன்னாள் பேத்தி. வேண்டாம் என்றேன். அதைக் கேட்கிற இடத்தில் நான் இல்லை. கணக்கு சரியாக இருந்தால் போதும்.

பேத்தி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அத்தைக்கு இப்பவே அனுப்பிறட்டுங்களா அப்பாயி?" என்கிறாள்.

பார்க்காமல் எப்படிப் பெட்டி போடுவது? இரு கண்ணு. தண்ணி குடிச்சுட்டு வந்து, மொதல்ல இருந்து ஒருக்கா வாசி. மூணுன்னு வர்ற எடத்துல மட்டும் அவசரப்படாம வாசி.